பெரிய ஆர்சி கார் கட்டுவதும் அதை உப்பிலிருந்து காப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிமோட்டில் ஓடும் பெரிய கார் ஒன்றைக் கட்ட நினைக்கும் தம்பிமாரும், கட்டி முடித்து முதல் தடவை கடற்கரைக்குக் கொண்டுபோக இருப்பவர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. வெளிநாட்டுக்காரர் எழுதி வைத்திருக்கும் குறிப்புகள் மழைக்கும் சேற்றுக்கும் பனிக்கும் பொருந்தும். மட்டக்களப்பில் இருக்கிற நமக்கு ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று தெற்கே போனாலும் கடல் கூடவே வரும். அதனால் கட்டுவதைப் பற்றிக் கொஞ்சமும் உப்பைப் பற்றி நிறையவும் எழுதியிருக்கிறேன்.

பெரிய அளவு என்றால் எவ்வளவு பெரிது?

உண்மையான வாகனத்தின் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 1:5 அளவு. நீளம் 70 முதல் 90 சென்ரிமீற்றர், நிறை 8 முதல் 15 கிலோ. பரவலாகக் கிடைக்கும் 1:10 கார் இரண்டு மூன்று கிலோதான். டிராக்சாஸ் எக்ஸ்-மாக்ஸ், ஆர்மா கிராட்டன் 8எஸ், லோசி ஃபைவ்-ரி, எச்பிஐ பாகா எல்லாம் இந்த வகுப்பில் பெயர் எடுத்தவை.

நிறையை விளையாட்டாக எடுக்காதீர்கள். 10 கிலோ கார் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒருவரின் காலில் மோதினால், அதே காரை 14 மீற்றர் உயரத்திலிருந்து போட்ட அடி விழும். வளர்ந்த தென்னையின் தலையிலிருந்து 10 கிலோ இரும்பு விழுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் நிற்கும் இடத்தில் இந்தக் காரை ஓட்டக் கூடாது. ரிமோட்டில் ‘ஃபெயில்சேஃப்’ என்ற வசதி இருக்கும்: சிக்னல் அறுந்தால் கார் தானாகப் பிரேக் போடும். அதைச் சரிபார்க்காமல் சில்லு நிலத்தில் படக் கூடாது. சரிபார்ப்பது சுலபம். காரை ஒரு பெட்டியின் மேல் வைத்து, சில்லு சுற்றிக்கொண்டிருக்கும்போது ரிமோட்டை நிறுத்திப் பாருங்கள். சில்லு உடனே நிற்க வேண்டும்.

மின் மோட்டரா, பெற்றோல் எஞ்சினா?

தண்ணீர்ப் பக்கம் போகிற எண்ணம் இருந்தால் மின் மோட்டர். பெற்றோல் கார்களில் இருப்பது பெரும்பாலும் செனோவா வகை 23 முதல் 32 சிசி வரையான இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். புல்லு வெட்டும் மிசினில் இருப்பதன் இனம்தான், ஆகவே புல்லு மிசின் திருத்துகிறவர்கள் கார்புரேட்டரைக் கழற்றித் துப்புரவாக்கித் தருவார்கள். அது நமக்குப் பெரிய வசதி. 25:1 கலவை என்றால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 40 மில்லிலீற்றர் இரண்டு ஸ்ட்ரோக் ஒயில். ஆனால் அந்த எஞ்சின் மூச்சு விட வேண்டும். காற்று போகிற வழியால் தண்ணீர் போனால் பிஸ்டனுக்கு மேலே தண்ணீர் நின்று பிஸ்டனைப் பிடித்திருக்கும் தண்டு வளையும். மணற்காற்றும் அதற்கு எதிரி. நுரை ஃபில்டரில் ஒயில் பிசைந்து போட்டு, மேலே இன்னொரு துணி உறையும் மாட்டினால்தான் கடற்கரையில் தாக்குப்பிடிக்கும்.

காய்ந்த வயலில் நீண்ட நேரம் ஓட்ட ஆசைப்படுபவருக்குப் பெற்றோல் நல்லது. மற்ற எல்லோருக்கும் மின்சாரத்தையே சொல்வேன். இந்தப் பக்கத்தில் இனி வருவதும் மின் கார் பற்றித்தான்.

கிட் வாங்குவதா, பழையது வாங்குவதா, ஆரம்பத்திலிருந்து சொந்தமாகக் கட்டுவதா?

முதல் கார் என்றால் பழைய சேசிஸ் ஒன்றை வாங்கி முழுதாகக் கழற்றிப் பூட்டுங்கள். கியர், டிஃபரென்ஷல் (இரு பக்கச் சில்லுகளையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர்த் தொகுதி), ஷொக் எல்லாம் ஏற்கெனவே ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்கும். எந்த ஆணி எங்கே போகிறது என்பதும் கைக்குப் பழகும். அடிப் பலகை வளைந்திருந்தால் 4 அல்லது 5 மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டில் லேத் பட்டறையில் அதே அச்சுக்கு வெட்டித் தருவார்கள். பழைய பலகையையே அச்சாகக் கொடுங்கள், வரைபடம் தேவையில்லை.

முழுதும் சொந்தமாகக் கட்டுவது அழகான வேலை. அதில் கஷ்டம் கொடுப்பது டிஃபரென்ஷலும் ட்ரைவ் ஷாஃப்டும். அந்த இரண்டையும் மட்டும் பெயர் பெற்ற காரின் உதிரிப்பாகமாக வாங்கி, மற்றதை நீங்கள் செய்யலாம்.

மோட்டர், பற்றரி, ஈ.எஸ்.சி எப்படித் தெரிவுசெய்வது?

இந்த அளவு காருக்குப் பிரஷ்லெஸ் மோட்டர். பெட்டியில் 5687 என்று போட்டிருந்தால் விட்டம் 56, நீளம் 87 மில்லிமீற்றர் என்று பொருள். பக்கத்தில் 800 கேவி என்றும் இருக்கும். ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதுதான் கேவி. 8 செல் லிப்போ (லித்தியம் பொலிமர் பற்றரி) 29.6 வோல்ட், 800ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 23,700 சுற்று அளவில் வரும். கேவி கூடினால் வேகம் கூடும், சூடும் கூடும். நம்முடைய வெயிலுக்கும் மணலுக்கும் குறைந்த கேவிதான் நல்லது.

ஈ.எஸ்.சி என்பது பற்றரிக்கும் மோட்டருக்கும் இடையில் இருந்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி. 150 முதல் 200 அம்பியர் தாங்குவதாகப் பாருங்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும் சேர்வோ 30 கிலோ-சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது. உலோகக் கியர் அவசியம். பற்றரியை 8 செல்லாக ஒரே கட்டியில் வாங்காமல், 4 செல் கட்டி இரண்டு வாங்கித் தொடராக இணையுங்கள். ஒன்று பழுதானால் ஒன்றை மட்டும் மாற்றலாம். விமானத்தில் கொண்டுவருவதும் சுலபம், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மோட்டரில் சென்சர் உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை. சென்சர் உள்ளது மெதுவாக ஓடும்போது இதமாக இருக்கும், ஆனால் அதற்குள் ஒரு சின்ன எலக்ட்ரோனிக் பலகை இருக்கிறது. தண்ணீர் படும் காருக்குச் சென்சர் இல்லாததே சரி. செப்புச் சுருளுக்கு ஏற்கெனவே எனாமல் பூச்சு இருப்பதால் அது நனைந்தும் ஓடும்.

பூட்டும்போது எங்கே கூடுதல் கவனம் வேண்டும்?

உலோகத்துக்குள் உலோகம் போகும் ஒவ்வொரு ஸ்குரூவுக்கும், அது கழராமல் பிடிக்கும் நீல நிறத் திரெட்லொக் பசை ஒரு சொட்டு. பிளாஸ்டிக்குக்குள் போகும் ஸ்குரூவுக்கு அதைப் போடாதீர்கள், சில வகைப் பிளாஸ்டிக் அதனால் வெடித்துப்போகும். அலுமினியத்துக்குள் ஸ்ரெயின்லெஸ் ஸ்குரூ போகிற இடங்களை இன்னும் கவனியுங்கள். இரண்டு வெவ்வேறு உலோகம், நடுவில் உப்பு ஈரம் என்றால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்து ஸ்குரூவை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிறகு எலன் கீ வழுக்கும், தலை தேயும், துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டி வரும். அந்த ஒரு சொட்டு திரெட்லொக் பிரியை நிரப்பி இதையும் தடுக்கிறது.

பினியனுக்கும் (மோட்டர்த் தண்டில் இருக்கும் சின்னக் கியர்) பெரிய கியருக்கும் இடையில் ஒரு துண்டுக் கடதாசியை வைத்து அழுத்தி மோட்டரை இறுக்குங்கள். கடதாசியை வெளியே எடுத்தால் அதில் மடிப்பு விழுந்திருக்க வேண்டும், கிழிந்திருக்கக் கூடாது. அதுதான் சரியான இடைவெளி.

தடித்த வயருக்கு ஈயம் பிடிக்க 40 வொட் சோல்டரிங் அயன் போதாது. 100 வொட், தடித்த முனை. சூடு போதாமல் ஒட்டிய ஈயம் பார்க்கச் சாம்பல் நிறமாக, குருணையாக இருக்கும். 150 அம்பியர் ஓடும்போது அந்த இடம் கொதிக்கும். பற்றரி பிளக்கைக் குத்தும்போது வரும் தீப்பொறியைத் தடுக்கும் வகைப் பிளக்குகள் உண்டு: எக்ஸ்ரி90-எஸ், ஏஎஸ்150 போன்றவை. கொஞ்சம் காசு கூடினாலும் அதையே எடுங்கள்.

பெட்டியிலேயே ‘வாட்டர்புரூஃப்’ என்று போட்டிருக்கிறதே, அது போதாதா?

நல்ல தண்ணீருக்குப் போதும். ஹொபிவிங் மாக்ஸ் 5 போன்ற ஈ.எஸ்.சிகளுக்கு ஐபி67 என்ற தரம் கொடுத்திருக்கிறார்கள். 6 என்பது தூசு உள்ளே போகாது என்பதைக் குறிக்கும். 7 என்பது ஒரு மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம் இருந்தாலும் கெடுதல் வராது என்பதைக் குறிக்கும். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. உப்புத் தண்ணீரில் ஓட்டினால் உத்தரவாதம் இல்லை என்று பல கொம்பனிகள் கையேட்டில் எழுதியிருக்கும். வாங்க முன்பு அந்தப் பக்கத்தை வாசியுங்கள். தவிர, ஈ.எஸ்.சி மட்டும் காப்பாக இருந்து பயனில்லை. ரிசீவர் (ரிமோட்டின் சிக்னலை வாங்கும் பெட்டி), சேர்வோ, காற்றாடி, சுவிட்ச், பெயரிங் எல்லாம் அதே தண்ணீரில்தான் நனைகின்றன.

உப்புத் தண்ணீர் ஏன் அவ்வளவு மோசம்? தண்ணீர் தண்ணீர்தானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

கடல் நீரில் லீற்றருக்கு 35 கிராம் அளவில் உப்பு. கிணற்று நல்ல தண்ணீரைவிட அது நூறு மடங்கு அளவில் மின்சாரத்தைக் கடத்தும். பற்றரி குத்தியிருக்கும்போது பலகையில் ஒரு சொட்டுக் கடல் நீர் பட்டால், பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளுக்கிடையே மின்சாரம் பாயும். நேர் முனைப் பக்கத்துச் செம்பு கரையத் தொடங்கும். பச்சையாகப் பூத்து நிற்பது அதுதான். சில நிமிடத்தில் ஒரு மெல்லிய கம்பி அறுந்துவிடும்.

அதைவிடக் கள்ளத்தனமான வேலை பிறகு நடக்கிறது. கார் காய்ந்துவிட்டது, துடைத்தாயிற்று, அலுமாரியில் வைத்தாயிற்று. உப்பு போகவில்லை. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துத் தானே கரையும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைட்டும் சேர்ந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரப்பதனிலேயே கசியும். நம்முடைய ஊரில் இரவில் காற்று அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டும். ஆக, காய்ந்த கார் ஒவ்வொரு இரவும் நனைகிறது, பகலில் காய்கிறது, மறுபடி நனைகிறது. கடற்கரைக்குப் போய் ஒரு மாதம் கழித்து, ஒன்றும் செய்யாமல் இருந்த கார் ஏன் செத்தது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். மூடுவது பாதி வேலை. கழுவி உப்பை வெளியேற்றுவது மற்றப் பாதி, அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

வாவியை நம்பலாமா என்றும் கேட்பார்கள். மட்டக்களப்பு வாவி உவர் நீர். மாரி மழையில் வெள்ளம் வந்தால் உப்புக் குறையும். வெயில் காலத்தில், முகத்துவாரப் பக்கம் போகப் போகக் கூடும். எந்தக் காலமானாலும் கடல் நீராகவே நினைத்துக் கழுவுங்கள்.

ஈ.எஸ்.சி, ரிசீவர் பலகைகளுக்குப் பூச்சுப் பூசுவது எப்படி?

கொன்ஃபோமல் கோட்டிங் என்று கேட்டு வாங்க வேண்டும். சிலிக்கன் வகை எடுங்கள். வளையும், சூடு தாங்கும், பிறகு சோல்டர் பிடிக்க வேண்டி வந்தால் அதற்குள்ளாலேயே பிடிக்கலாம். எம்ஜி கெமிக்கல்ஸின் 422பி இந்த வகைதான்.

முதலில் பலகையைத் துப்புரவாக்க வேண்டும். 99 சதவீத ஐசோபுரோப்பைல் அல்ககோலும் பழைய பல்துலக்கும் பிரஷும் போதும். சோல்டர் பிடித்த இடத்தில் மஞ்சளாக ஒட்டியிருக்கும் ஃபிளக்ஸ் முழுதும் போக வேண்டும். அழுக்குக்கு மேல் பூசினால் அழுக்கை உள்ளே வைத்துப் பூட்டியதாகும். கழுவியபின் காற்றாடிக்கு முன்னால் நன்றாகக் காயவிடுங்கள்.

அப்புறம் பூசக் கூடாத இடங்களை டேப்பால் மறையுங்கள்: பிளக் குத்தும் ஊசிகள், பொத்தான், சுவிட்சின் உட்புறம், அன்ரனா குத்தும் சின்னத் தங்க நிற வட்டம். ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) தொட்டுக்கொண்டிருக்கும் பகுதியிலும் பூசாதீர்கள், சூடு வெளியேறாது.

மெல்லிய தூரிகையால் ஒரு மெல்லிய படை. காய்ந்தபின் முதல் படைக்குக் குறுக்காக இரண்டாவது. தடிப்பாக ஒரே தடவை பூசினால் உள்ளே குமிழி நிற்கும், குமிழி இருக்கும் இடத்தால் தண்ணீர் வழி கண்டுபிடிக்கும். பெரிய கப்பாசிட்டர்களின் அடிப்பக்கம், சிப்பின் கால்களுக்கு இடைப்பட்ட இடம், வயர் சேரும் மூலை: தூரிகை போகாமல் தப்பிப்பது இந்த மூன்று இடமும்தான். பலகையைச் சரித்துப் பிடித்துப் பூச்சை அங்கே ஓடவிடுங்கள்.

பூசியது சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. இந்த வகைப் பூச்சுகளில் பெரும்பாலானவை புற ஊதாக் கதிர் வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும். கடைகளில் காசுத்தாள் சோதிக்க வைத்திருக்கும் சின்ன ரோர்ச் போதும். அறையை இருட்டாக்கி அடித்துப் பாருங்கள். பலகை முழுதும் நீலமாக மின்னும்போது நடுவில் ஊசி முனை அளவு கறுப்புத் தெரிந்தால், அங்கே தூரிகை படவில்லை. இந்தச் சோதனையைச் செய்யாமல் மூடியை மாட்டாதீர்கள். பூச்சு வேலை எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஒன்றிரண்டு கறுப்புப் புள்ளி தப்பத்தான் செய்யும்.

ஐபி67 தர ஈ.எஸ்.சிகளின் உள்ளே ஏற்கெனவே பிசின் ஊற்றி அடைத்திருப்பார்கள். அவற்றைத் திறக்க வேண்டாம்.

நகப் பொலிஷ், ஹொட் குளூ, ஹாட்வெயார் கடைச் சிலிக்கன் இவை சரிவராதா?

நிறமில்லாத நகப் பொலிஷ் ரிசீவருக்கு அவசரத்துக்கு உதவும். சூடேறும் ஈ.எஸ்.சிக்கு வேண்டாம், காய்ந்து வெடிப்பு விடும். ஹொட் குளூ மோட்டர்ச் சூட்டில் இளகும்.

சிலிக்கனில்தான் பலர் ஏமாறுகிறார்கள். குளியலறை மூலைக்கு அடிக்கும் சாதாரணச் சிலிக்கன் காயும்போது வினாகிரி மணக்கும். அந்த மணம் அசெற்றிக் அமிலம், செம்பை அரிக்கும். டியூபில் ‘நியூட்ரல்’ என்று போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். போடவில்லை என்றால் விரலில் கொஞ்சம் எடுத்து மணந்து பாருங்கள், புளித்த மணம் வந்தால் திருப்பிக் கொடுங்கள்.

ரிசீவரை எங்கே, எப்படி வைப்பது?

காரோடு வரும் ரிசீவர் பெட்டியில் ஓ-றிங் இருந்தால் அதில் சிலிக்கன் கிறீஸ் தடவி மூடுங்கள். இல்லாவிட்டால் நான்கு பக்கமும் கிளிப் பூட்டும் சாப்பாட்டுப் பெட்டி, மூடியின் அடியில் றப்பர் வளையம் உள்ளது, அருமையாக வேலை செய்யும். வயர் வெளியே வரும் துளைக்கு மின்சாமான் கடையில் விற்கும் கேபிள் கிளாண்ட் மாட்டுங்கள். வயர்கள் ஒன்றாக முறுக்கிப் போனால் அவற்றின் இடுக்கால் தண்ணீர் ஏறும், அதனால் கிளாண்டுக்குள் நியூட்ரல் சிலிக்கன் கொஞ்சம். உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள்.

ரிசீவரை பலூனுக்குள் போட்டுக் கட்டும் பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள். காலைக் குளிரில் உள்ளே வியர்க்கும், வியர்த்த தண்ணீர் வெளியேற வழியில்லை.

அன்ரனா வயரின் நுனியில் உறை உரித்திருக்கும் 31 மில்லிமீற்றர் நீளம்தான் உண்மையான அன்ரனா. 2.4 கிகாஹேட்ஸ் அலையின் நாலில் ஒரு பங்கு அது. அந்த நுனியை வெட்டாதீர்கள், அலுமினியத்தோடு ஒட்டி வைக்காதீர்கள், பிளாஸ்டிக் குழாயில் போட்டு நிமிர்த்தி விடுங்கள். 2.4 கிகாஹேட்ஸ் தண்ணீரை ஊடுருவாது. அன்ரனா தண்ணீருக்குக் கீழே போன நிமிடமே கார் உங்கள் சொல் கேட்காது.

சேர்வோ?

கடற்கரைக் காரில் முதலில் சாவது சேர்வோ. நான்கு ஸ்குரூவைக் கழற்றி, மேல் மூடிக்குள் கியரெல்லாம் கிறீஸ் வைத்து, தண்டு வெளியே வரும் இடத்தில் ஓ-றிங் போட்டு, மூடிகள் சேரும் கோட்டில் நியூட்ரல் சிலிக்கன் மயிரிழை அளவு பூசி மூடுங்கள். அடியில் இருக்கும் பலகைக்கு மேலே சொன்ன பூச்சு. உள்ளே தண்டோடு சேர்ந்து சுற்றும் பொட்டென்ஷியோமீற்றரில் மட்டும் பூச்சுப் படக் கூடாது, பட்டால் ஸ்டியரிங் நடுங்கும்.

எல்லாவற்றையும் மூடினால் சூடு எங்கே போகும்?

நல்ல கேள்வி, இதை யாரும் கேட்பதில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கார் நிற்கும் நிலமே கொதிக்கிறது. மூட வேண்டியது பலகையை மட்டும். ஹீட்சிங்க் காற்றில் நிற்க வேண்டும். அதன் மேலுள்ள காற்றாடி உப்பில் சீக்கிரம் சாகும். அதைக் கழற்றி மாட்டும் சாமானாக நினைத்து ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள்.

மணலில் ஓட்டும்போது பினியனை ஒன்றிரண்டு பல் சிறியதாக மாற்றுங்கள். உச்ச வேகம் குறையும், மோட்டர் பிழைக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, அகச்சிவப்பு வெப்பமானியால் மோட்டரைப் பாருங்கள். 80 பாகை செல்சியசைத் தாண்டினால் அன்றைக்குப் போதும்.

பெயரிங் எது வாங்குவது?

இரண்டு பக்கமும் றப்பர் மூடி உள்ளது, எழுத்தில் 2ஆர்எஸ். இரும்பு மூடி உள்ள இசட்இசட் வகை மணலைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. ஆர்சி கடை என்று தேடி அலைய வேண்டியதில்லை. இவை பொது அளவுகள்: உள் விட்டம் 12, வெளி 24, தடிப்பு 6 மில்லிமீற்றர் என்றால் அதன் எண் 6901; அதே வரிசையில் 10, 19, 5 என்றால் 6800. வேர்னியரால் அளந்து எண்ணைச் சொல்லிப் பெயரிங் கடையில் கேளுங்கள்.

புதிதாக வாங்கியதையும் அப்படியே போடாதீர்கள். கத்தி முனையால் றப்பர் மூடியை மெல்ல நெம்பி எடுத்தால் உள்ளே குண்டுகளுக்கிடையே கிறீஸ் கொஞ்சம்தான் தெரியும். படகு மோட்டருக்குப் போடும் மரீன் கிறீஸை விரலால் அழுத்தி முக்கால்வாசி நிரப்பி மூடுங்கள். அந்தக் கிறீஸ் தண்ணீரில் கரையாது. மீன்பிடிச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். டிஃபரென்ஷல் மூடி, ட்ரைவ் ஷாஃப்ட் மூட்டு, சில்லு நட் எல்லாவற்றுக்கும் அதையே பயன்படுத்தலாம். எவ்வளவு செய்தாலும் பெயரிங் ரயர் மாதிரித் தேயும் சாமான்தான், ஒரு தொகுதி கைவசம் இருக்கட்டும்.

ரயருக்குள் தண்ணீர் போகிறதே?

காற்றுத் துளை இருந்தால் போகும். உள்ளே இருக்கும் நுரை உறிஞ்சிக் கிலோக் கணக்கில் கனக்கும். சில்லில் உள்ள துளையை ஒட்டி மூடி, ரயரின் நடுப் பகுதியில் எதிரெதிராக இரண்டு சின்னத் துளை போடுங்கள். சுற்றும் வேகத்தில் தண்ணீர் வெளியே தெறித்துவிடும்.

கடற்கரையில் ஓட்டிவிட்டு வந்தபின் என்ன செய்ய வேண்டும்?

இதற்கு நம்மூரில் ஆசான்கள் இருக்கிறார்கள். படகுகளின் அவுட்போர்ட் மோட்டரைப் பார்க்கிறவர்கள் கடலிலிருந்து வந்த மோட்டரை நல்ல தண்ணீர் நிறைந்த பீப்பாவில் இறக்கி ஓடவிடுவார்கள். உப்புக் காய்வதற்கு முன்பு கழுவ வேண்டும் என்பதுதான் அதன் சூத்திரம். காருக்கும் அதேதான். காய்ந்து படிந்த உப்பைக் கரைப்பதைவிட ஈரமான உப்பைக் கழுவுவது எவ்வளவோ லேசு.

ஆகவே கடற்கரைக்குப் போகும்போதே இரண்டு பெரிய போத்தலில் நல்ல தண்ணீர் கொண்டுபோங்கள். பற்றரியைக் கழற்றுங்கள், அதன் பிறகுதான் தண்ணீர். அங்கேயே மேலோட்டமாக ஊற்றிக் கழுவுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஹோஸால் மெதுவாக, அடிப்பலகையின் மூலைகள், சில்லின் உட்புறம், ஷொக் ஸ்பிரிங் எல்லாம் நன்றாக. அழுத்தமாகப் பீய்ச்சும் மிசின் வேண்டாம், அது பெயரிங் மூடியைத் தாண்டித் தண்ணீரை உள்ளே தள்ளும்.

உங்கள் வீட்டுக் கிணறு கரையோரக் கிணறாக இருந்தால் நாக்கில் வைத்துப் பாருங்கள். உவர் என்றால் குழாய் நீரில் கழுவுங்கள். கடைசி அலசலுக்குப் பற்றரிக் கடையில் விற்கும் வடித்த தண்ணீர் ஒரு போத்தல் மிக நல்லது, அதில் உப்பே இல்லை. வாங்கும்போது போத்தலின் பெயரைப் பாருங்கள். அதே கடையில் பற்றரி அமிலமும் போத்தலில்தான் இருக்கும்.

பிறகு நிழலில், காற்றாடிக்கு முன்னால், காரைச் செங்குத்தாகச் சாய்த்து வையுங்கள். காய்ந்ததும் ஸ்குரூத் தலைகள், பெயரிங் ஓரம், ட்ரைவ் ஷாஃப்ட் எல்லாவற்றிலும் கொரோஷன்-எக்ஸ் போன்ற துருத் தடுப்பு எண்ணெய். டபிள்யூடி-40 ஈரத்தைத் துரத்தும். ஆனால் நீண்ட காலத்துக்கு அது கிறீஸின் வேலையைச் செய்யாது. கடற்கரைக்குப் போய் வந்த கிழமைக்குள் சில்லுகளைக் கழற்றிப் பெயரிங்கை விரலால் சுற்றிப் பாருங்கள். கரகரத்தால் மாற்றுங்கள்.

நனைந்த ரிசீவரை அரிசிக்குள் போடலாமா?

வேண்டாம். அரிசி உப்பை எடுக்காது, தவிட்டுத் தூசைக் கொடுக்கும். வடித்த தண்ணீரில் அலசி, அல்ககோலில் கழுவி, காற்றாடிக்கு முன்னால் வையுங்கள்.

தண்ணீருக்குள் கார் நின்றுவிட்டால் இறங்கி எடுக்கலாமா?

கடற்கரையில் முழங்கால் தண்ணீர் என்றால் எடுக்கலாம், அலையைப் பார்த்து. வாவியிலும் ஆற்றோரத்திலும் குளத்திலும் இறங்காதீர்கள். அங்கே முதலை இருக்கிறது. எந்தக் காரும் அதற்கு ஈடில்லை. நீளமான கம்பு, நுனியில் கொக்கி, கூடவே ஒரு தூண்டில் கயிறு வைத்திருங்கள். காரின் உடலுக்குள் ரெஜிபோம் துண்டுகளை ஒட்டினால் மூழ்காமல் கூரை தெரிய மிதக்கும்.

வெளியே எடுத்ததும் ஓடுகிறதா என்று முடுக்கிப் பார்க்க வேண்டாம். பற்றரியைக் கழற்றுங்கள். உள்ளே மின்சாரம் இல்லாத வரை பெரும்பாலான சேதம் தொடங்காது.

எங்கே ஓட்டலாம்?

எனக்குப் பிடித்த இடம் படுவான்கரைப் பக்கத்து வட்டைகள், பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிந்த பிறகு. நிலம் காய்ந்திருக்கும், உப்பு இல்லை, ஆள் இல்லை. சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள், வரம்பை உடைக்காதீர்கள். வைக்கோல் ட்ரைவ் ஷாஃப்டில் சுற்றிக்கொள்ளும், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் வெட்டி எடுங்கள். விட்டால் பெயரிங் மூடியைப் பிய்த்துவிடும்.

கல்லடி, பாசிக்குடா, அறுகம்பை போன்ற கரைகளில் ஆள் நடமாட்டம் கூட, அங்கே விடிகாலையில் மட்டும். கரைவலை இழுக்கும் இடத்தில் கயிற்றுக்கும் வலைக்கும் கிட்டவே போகாதீர்கள். அது அவர்களின் அன்றாடச் சோறு. இலங்கைக் கரைகளுக்கு 5 வகைக் கடலாமைகள் முட்டையிட வருகின்றன, அவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. இரவில் விளக்குப் போட்டுக்கொண்டு கரையில் ஓட்ட வேண்டாம்.

லிப்போவை வீட்டில் எப்படி வைப்பது?

ஒரு செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட், ஓட்டும்போது 3.2க்குக் கீழே விடாதீர்கள், சும்மா வைக்கும்போது 3.8. 5000 மில்லி அம்பியர் மணிப் பற்றரிக்கு 5 அம்பியரில் சார்ஜ். ஆள் பக்கத்தில் இல்லாமல் சார்ஜ் போடக் கூடாது. மண் சட்டிக்குள் வைத்துப் போடுங்கள், பக்கத்தில் ஒரு வாளி காய்ந்த மணல். உப்பியிருந்தால், உறை கிழிந்து கடல் நீர் உள்ளே போயிருந்தால், அந்தப் பற்றரியின் வேலை முடிந்தது. வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

அண்ணா கட்டாரிலிருந்து வருகிறார். பற்றரி கொண்டுவரச் சொல்லலாமா?

சொல்லலாம், கணக்குப் பார்த்து. விமானத்தில் கணக்கு வொட்-மணியில். வோல்ட்டை அம்பியர்-மணியால் பெருக்குங்கள். 4 செல், 5000 என்றால் 14.8 பெருக்கல் 5, 74 வொட்-மணி. 100 வரை பொதுவாகத் தடையில்லை. 100க்கும் 160க்கும் இடையில் என்றால் விமானக் கொம்பனியின் சம்மதம் முன்கூட்டியே வேண்டும், அதுவும் இரண்டுதான். 160க்கு மேல் பயணியின் கையில் வராது. 8 செல் ஒரே கட்டி 5000 என்றால் 148 வருகிறது. 4 செல் இரண்டாக வாங்குங்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். காரில் பூட்டாமல் தனியாக வரும் பற்றரி விமானத்தில் ஒப்படைக்கும் பொதிக்குள் போகக் கூடாது, கைப்பையில்தான். சார்ஜைப் பாதிக்கும் கீழே இறக்கி, பிளக் முனைகளுக்கு டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போடச் சொல்லுங்கள். வொட்-மணி உறையில் அச்சடித்திருக்கும் பற்றரியாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள், அச்சு இல்லாவிட்டால் விமான நிலையச் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். ரிமோட்டும் ரிசீவரும் வெளியிலிருந்து வருவிப்பதாக இருந்தால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் விதியை முதலில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.